பழைய ஆபீஸ் லேப்டாப்பை வாங்கி உருப்படியாக ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னை ரிச்சி தெருவுக்குத் துணைக்கு வருகிறாயா என்று யார் கேட்டாலும் கிளம்பிவிடுவேன். தம்பிக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு, அக்கா கடைக்கு என்று இதுவரை பதினைந்து லேப்டாப்பாவது வாங்கிக் கொடுத்திருப்பேன். எல்லாமே கம்பெனிகளில் மூன்று நான்கு வருஷம் ஓடி, லீஸ் முடிந்து மொத்தமாக வெளியே வந்தவை. லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலிட்புக் ஆகிய மூன்று வரிசைகளைத் தாண்டி நான் போவதில்லை. இவற்றைத் திறப்பது சுலபம், உதிரிபாகம் கிடைக்கும், கீபோர்டும் நன்றாக இருக்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் எதை முதலில், எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில்தான். காசைக் கொடுத்த பிறகு பயாஸை (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மெஷினின் அடிப்படை அமைப்பு) பார்ப்பார்கள். ரேம் வாங்கிய பிறகு ஸ்லாட் இருக்கிறதா என்று தேடுவார்கள். அதனால் கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள். இணையத்தில் ரீஃபர்பிஷ்டு (சரிசெய்து மறுபடி விற்கும் பழைய மெஷின்) வாங்குபவர்கள், கடையில் செய்யச் சொன்ன சோதனைகளைப் பார்சல் வந்த அன்றே வீட்டில் செய்துவிட வேண்டும்.

1. என்ன வேலை என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதினால் போதும். டாலி என்ற கணக்கு மென்பொருள் ஓட வேண்டுமா? ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி வரி தாக்கல் செய்ய வேண்டுமா? அப்படியானால் விண்டோஸ் கட்டாயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறையாகப் போட, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும் (தலைமுறையைக் கண்டுபிடிக்கும் வழி 3-இல்). ஏமாற்றிப் போடவும் வழி இருக்கிறது. ஆனால் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் கையால் தள்ள வேண்டியிருக்கும், அதனால் அடுத்தவர் மெஷினில் நான் அதைச் செய்வதில்லை.

பிரவுசர், எழுத்து வேலை, ஆன்லைன் வகுப்பு, கோடிங் பழகுவது இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும். அப்போது ஆறாம் தலைமுறை வரை இறங்கி வரலாம், விலையும் இறங்கும்.

2. காசை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் 20,000 ரூபாய் இருந்தால் 15,000-க்கு மேல் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள். மீதி எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்), ரேம், பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றில் எது கேட்கிறதோ அதற்கு. நான்கில் ஒன்றாவது நிச்சயம் கேட்கும். முழுக் காசையும் கடையிலேயே கொட்டிவிட்டு, அரை மணி நேரம் கூடத் தாங்காத பேட்டரியோடு பிளக் பாயின்ட் பக்கத்திலேயே குடியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. தலைமுறையைப் பாருங்கள், ஐ7 ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள்

இது புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஐ5-8250யூ என்ற பெயரில் கோடுக்குப் பின் வரும் 8 தான் தலைமுறை. அந்தச் சிப்பில் நான்கு கோர், அதாவது சேர்ந்து வேலை செய்யும் நான்கு மூளை. அதற்கு முந்தைய ஐ7-7500யூ, ஐ7-6600யூ இரண்டிலும் இரண்டே கோர். அதாவது, எட்டாம் தலைமுறை ஐ5 முந்தைய மெல்லிய லேப்டாப்களின் ஐ7-ஐ எளிதாக முந்தும். கடையிலோ ஐ7 என்றதும் விலை ஏறும்.

இன்னொன்று வீடியோ. யூடியூப் அதிகம் அனுப்பும் விபி9 வகை வீடியோவை ஏழாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் சிப் முழுக்கத் தன் கிராபிக்ஸ் பகுதியிலேயே விரிக்கிறது. நான்காம், ஐந்தாம் தலைமுறை மெஷினில் அந்தச் சுமை பிராசசர் தலையில் விழும். ஃபேன் இரையும், மடி சுடும்.

மாடல் என்று கேட்டால் திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490, எலிட்புக் 840 ஜி5. மூன்றும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, மூன்றிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். டி480-இல் உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் ஸ்க்ரூவே தொடாமல் கழற்றும் பேட்டரி ஒன்று என இரண்டு உண்டு. தவிர்க்க வேண்டியது, ரேம் முழுவதும் போர்டோடு சால்டர் செய்யப்பட்ட திங்க்பேட் எக்ஸ்280 போன்றவை. 8 ஜிபியோடு வந்தால் கடைசி வரை 8 ஜிபிதான். டி490-இல் ஒன்று சால்டர், ஒன்று ஸ்லாட். சமாளிக்கலாம்.

திரையை மறந்துவிடாதீர்கள். ஒரே மாடலிலேயே 1366×768 பேனலும் வரும், 1920×1080 பேனலும் வரும். பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது நிறம் மாறி வெளிறினால் அது மலிவான டிஎன் பேனல். நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கப் போகிறவருக்கு ரேமை விட இது முக்கியம் என்பேன். ரேமை அப்புறம் கூடப் போட்டுக்கொள்ளலாம்.

4. கடைக்குக் கொண்டு போக வேண்டியவை

16 ஜிபி பென் டிரைவ் ஒன்று. பென் டிரைவிலிருந்தே சிஸ்டத்தை ஏற்ற உதவும் வென்டாய் என்ற இலவசக் கருவியை அதில் பதித்து, லினக்ஸ் மின்ட், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இரண்டின் ஐஎஸ்ஓ கோப்புகளையும் காப்பி செய்யுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று ஒரே நிறத்தில் மூன்று படங்களையும் அதிலேயே போட்டு வையுங்கள். இவை தவிர இயர்போன், டைப்-சி சார்ஜர் இருந்தால் அது, போனில் ஹாட்ஸ்பாட்.

பென் டிரைவ் ஏன் என்றால், கடைக்காரர் போட்டுக் காட்டும் விண்டோஸை நம்பாமல் நம் சிஸ்டத்திலேயே ஹார்டுவேரைச் சோதிக்கலாம். டிஸ்கில் எதுவும் அழியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தடுக்க மாட்டார்கள். தடுத்தால் பக்கத்துக் கடை இருக்கிறது. ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் முழுக்கக் கடைதான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

5. கடையில் சோதனை: காசு கொடுப்பதற்கு முன்

இதற்கு அரை மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் அசையாதீர்கள்.

முதலில் ஆஃப் செய்த நிலையில் உடம்பு. மூடிய லேப்டாப்பைச் சமமான கண்ணாடி மேஜையில் வைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்துங்கள். ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். டச்பேட் ஒரு பக்கம் தூக்கி நிற்பதும், அழுத்தினால் கிளிக் ஆகாததும் அதே அறிகுறி. அப்புறம் மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் திறங்கள். ஹிஞ்ச் பக்கம் பிளாஸ்டிக் விரிந்து வாய் பிளந்தால் வேண்டாம். கீறல், ஸ்டிக்கர் ஒட்டிய தழும்பு பற்றிக் கவலையே வேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

இரண்டாவது பயாஸ். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். மெஷினை ஆன் செய்ததும் தட்ட வேண்டிய விசை திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10.

“பாஸ்வேர்டெல்லாம் ஒண்ணும் இல்ல சார், நேரா விண்டோஸ் வரும் பாருங்க” என்பார் கடைக்காரர்.

“இருக்கட்டும்ணா, ஒரு தடவ உள்ள போய் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

பாஸ்வேர்ட் கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். திங்க்பேடில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் இருந்தாலும், வெறும் என்டர் தட்டினால் சில மாடல்கள் உள்ளே விட்டுவிடும். ஆனால் எதையும் மாற்ற முடியாது. ஆகவே செக்யூரிட்டி பகுதிக்குப் போய், சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ‘டிசேபிள்டு’ என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இது தனிச் சிப்பில் பதிந்திருக்கும். சின்ன பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட் என்று ஒரு வரி இருக்கும். திருடு போன மெஷினைப் பழைய கம்பெனி தேடிப் பிடிக்க உதவும் ஏற்பாடு அது. ‘ஆக்டிவேட்டட்’ என்றிருந்தால் வாங்காதீர்கள். முதல் பக்கத்தில் தெரியும் சீரியல் எண், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் போர்டு மாற்றிய பீஸ்.

டெல்லில் சார்ஜரைச் செருகிய நிலையில் பயாஸைப் பார்த்தால் அது எத்தனை வாட் என்று காட்டும். ‘அன்னோன்’ என்று வந்தால் டூப்ளிகேட் சார்ஜர், அல்லது சார்ஜிங் பின்னில் கோளாறு. அந்த நிலையில் பேட்டரி ஏறாது, சிப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். “மெஷின் ஸ்லோவா இருக்கு” என்று என்னிடம் வந்த இரண்டு லேட்டிட்யூடுகளுக்கு வைத்தியம் வெறும் ஒரிஜினல் சார்ஜர்தான்.

மூன்றாவது பென் டிரைவ். எஃப்12 (எச்பியில் எஃப்9) தட்டி மின்ட்டை ஏற்றுங்கள். செக்யூர் பூட் (தெரியாத சிஸ்டத்தை ஏற்றவிடாத பூட்டு) தடுத்தால் பயாஸில் அணைத்துவிட்டு வாருங்கள். அணைக்க முடிகிறது என்பதே பயாஸ் நம் கைக்கு வந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி. மூன்று நிறப் படங்களையும் முழுத்திரையில் வைத்தால் செத்த புள்ளிகளும், பையில் நசுங்கி வந்த வெள்ளைத் திட்டுகளும் தெரிந்துவிடும். ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் திறந்து எல்லா விசைகளையும் ஒரு சுற்று தட்டுங்கள். வைஃபையை ஹாட்ஸ்பாட்டில் இணைத்து வீடியோ ஓடவிட்டு கேமரா, ஸ்பீக்கர், இயர்போன் ஜாக், எல்லா யூஎஸ்பி ஓட்டைகளையும் பாருங்கள். டி480-இல் இரண்டு டைப்-சி ஓட்டையிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று தனித்தனியாகச் செருகிப் பார்க்க வேண்டும். அதன் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (டைப்-சி சிப்புக்குள் பதிந்த மென்பொருள்) இருந்த பிழையால் அந்த ஓட்டைகள் செயலிழந்த மெஷின்கள் உண்டு. திருத்திய ஃபர்ம்வேரை லெனோவோ பிறகு வெளியிட்டது, வாங்கியதும் முதல் வேலையாக அதை ஏற்றுங்கள்.

நான்காவது பேட்டரியும் டிஸ்கும். கடைக்காரரின் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் (powercfg /batteryreport) அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். போன முறை நான் பார்த்த டி480-இல் உள் பேட்டரி 24,000-க்கு 13,200 காட்டியது. பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் உயிர். அந்த எண்ணைக் காட்டியே 1,200 ரூபாய் குறைத்தோம்.

டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற விண்டோஸ் செயலி சொல்லும். நான்கு வருஷம் ஆபீஸில் ஓடிய மெஷினுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் மணி நேரம் இயல்பு. இருநூறு மணி என்று காட்டினால் டிஸ்கை மாற்றியிருக்கிறார்கள். அது குற்றம் இல்லை, மாற்றியது என்ன பிராண்டு என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக பில். சீரியல் எண்ணும் டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பதும் பில்லில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்ன ஒரு மாதம், திரும்பிப் போகும்போது ஒரு வாரமாகச் சுருங்கிவிடும்.

6. முதல் மூன்று நாள்: வாரண்டி முடிவதற்குள்

வீட்டுக்கு வந்ததும் படங்களை ஏற்றி அலங்காரம் செய்ய வேண்டாம். முதல் வேலை டிஸ்கை முழுக்க அழித்துச் சிஸ்டத்தைப் புதிதாகப் போடுவது, அதுவும் இணையத்தில் இணைத்தபடி.

இதற்குக் காரணம் உண்டு. சில கம்பெனிகள் தங்கள் மெஷின்களை மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபைலட்டில் (கம்பெனி மெஷின்களை இணையம் வழியே நிர்வகிக்கும் ஏற்பாடு) பதிந்து வைத்திருக்கும். விற்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்துவிடுவார்கள். கடையில் இணையம் இல்லாமல் விண்டோஸ் போட்டிருப்பதால் எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ரீசெட் செய்யும்போது, முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் திரை வந்து நிற்கும். என் அத்தை மகனுக்கு நடந்தது இதுதான். கல்லூரி ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது ரீசெட் செய்தான். கடைக்காரர் வாரண்டி முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார். முதல் நாளே செய்திருந்தால் மெஷினை மாற்றிக் கொடுத்திருப்பார். லினக்ஸ்தான் போடப் போகிறீர்கள் என்றாலும் ஒரு முறை விண்டோஸைப் போட்டு இதைப் பார்த்துவிடுங்கள், பின்னால் விற்கும்போது பிரச்சினை வராது.

விண்டோஸ் ‘ஆக்டிவ்’ என்று காட்டுவதை வைத்து அது அசல் என்று நினைக்காதீர்கள், கள்ளச் சாவிக்கும் அப்படித்தான் காட்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாகப் போடுங்கள். கம்பெனி லேப்டாப்களில் பெரும்பாலும் போர்டிலேயே விண்டோஸ் லைசென்ஸ் சாவி பதிந்திருக்கும், இணையத்தில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

முதல் இரவு மெம்டெஸ்ட்டை ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் சிவப்பில் ஒரு வரி இருந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுங்கள். மறுநாள் நூறிலிருந்து தொடங்கி, வீடியோ ஓடவிட்டு, பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 40 சதவீதத்தில் பொத்தென்று அணைந்தால் அறிக்கையில் இருந்த எண்ணையும் நம்ப முடியாது.

7. எஸ்.எஸ்.டி., அப்புறம் ரேம்

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை மாற்றுவதற்கு முன் வேறு எதிலும் காசு போடாதீர்கள். ஹார்டு டிஸ்க் நொடிக்கு நூறு எம்பி சுமாருக்குப் படிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. ஐந்நூறு. அதைவிட முக்கியம், சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும் நேரம். பிரவுசர் திறக்க நாம் காத்திருப்பது அதற்காகத்தான்.

வாங்குமுன் அடி மூடியைத் திறந்து எந்த வகை என்று பாருங்கள். இரண்டரை அங்குல சாட்டா, எம்.2 சாட்டா, எம்.2 என்விஎம்இ என்று மூன்று உண்டு. பின்னிரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று எல்லா மெஷினிலும் ஓடாது. டி480-இல் இரண்டரை அங்குல இடத்தில் என்விஎம்இ போடத் தனி அடாப்டர் வேண்டும். பெயர் தெரியாத பிராண்டில் 1 டிபி என்று பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள், உள்ளே அவ்வளவு இருக்காது.

ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம். 16 ஜிபியை ஒற்றைச் சில்லாக வாங்காமல் இரண்டு 8 ஆகப் போடுங்கள். கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போடுகிறது, இரண்டு பாதை இருந்தால் அதற்கு வசதி. ஐந்தாம் தலைமுறை மெஷினாக இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். கடையில் வெறும் டிடிஆர்3-ஐ எடுத்து நீட்டினால் எல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

8. திறப்பதற்கு முன் கரண்டை வெட்டுங்கள்

சார்ஜரை உருவினால் போதாது, உள் பேட்டரி உயிரோடு இருக்கும். திங்க்பேட் பயாஸில் பவர் பகுதியில் உள் பேட்டரியை முடக்கும் வரி ஒன்று உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தால் மெஷின் அணையும், மறுபடி சார்ஜர் செருகும் வரை எழாது. மற்ற மெஷின்களில் மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றுங்கள்.

மூடி கிளிப்புகளை நெம்பப் பழைய ஏடிஎம் கார்டு போதும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டாம். ஒரு முறை அவசரத்தில் கத்தியை வைத்தேன், அந்த மூலை இன்றும் பல் இளிக்கிறது.

9. தூசியும் பேஸ்ட்டும்

வீடியோ பார்க்கும்போதே வெப்பம் 85 டிகிரிக்கு மேல் நின்றால் ஃபேனைத் திறக்க வேண்டிய நேரம். சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் துடுப்புகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் எடுங்கள், சுழலவிட்டு ஊதினால் பேரிங் போகும்.

சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த சிப் மேல் தடவிய பேஸ்ட் நான்கைந்து வருஷத்தில் காய்ந்து பொருக்காகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அரிசி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். முடுக்கும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ். அழுத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சிப்பின் மூலை நொறுங்கும். சித்திரை வெயிலில் மாடி அறையில் வேலை செய்கிறவர்கள் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

10. தினசரி ஓட்டத்துக்கான அமைப்பு

எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் மெஷின் என்றால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். லெனோவோவில் வான்டேஜ் செயலி, டெல்லில் பயாஸ், லினக்ஸில் திங்க்பேடுக்கு டிஎல்பி என்ற கருவி. நூறிலேயே சூடாக நிற்கும் பேட்டரிதான் சீக்கிரம் உப்புகிறது. மாற்று பேட்டரி வாங்கினால் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். திங்க்பேடுகளில் அசல் அல்லாத பேட்டரியை மெஷினே சார்ஜ் செய்ய மறுப்பதுண்டு.

லினக்ஸ் என்றால் மின்ட் 22. அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேமோடு தள்ளாட வேண்டியிருந்தால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. தமிழ் அடிக்க ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலியியல் இரண்டும் வந்துவிடும். நிறுவியபின் ஒரு முறை லாக் அவுட் ஆகி வர வேண்டும், பலர் இங்கேதான் “வரவில்லை” என்று போன் செய்வார்கள்.

கழற்றிய பழைய ஹார்டு டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள். முன்னூறு, நானூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கேஸ் கிடைக்கும், அதில் போட்டு வாரம் ஒரு முறை பேக்கப் எடுங்கள். உப்பிய பேட்டரி இருந்தால் அதை மட்டும் வீட்டில் வைக்க வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். குத்துப்படாமல் ஒரு டப்பாவில் வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.